சட்டையைத் தேடுங்கள்: மலைக்காட்டின் சின்னச் சில்வண்டையும் அது பிறந்த மண்ணையும் கண்டறியும் முறை

சில்வண்டு வண்டு அல்ல. வண்டுக்குக் கடித்து மெல்லும் தாடை உண்டு. சில்வண்டுக்கு இருப்பது சாறு உறிஞ்சும் ஊசிவாய். அசுவினியும் தத்துப்பூச்சியும்தான் இதற்கு உறவு. இராத்திரி சுவரோரம் கிரீச்சிடும் சுவர்க்கோழி வேறு குடும்பம். அது சிறகோடு சிறகை உரசிச் சத்தமிடும். சில்வண்டில் ஆண் மட்டுமே பாடும். வயிற்றின் அடிவாரத்தில் இருபுறமும் உள்ள விலா வைத்த மெல்லிய தகடுகளைத் தசையால் உள்ளிழுத்து விட, அவை தகர டப்பா மூடிபோல் ‘டிக்’கென்று வளைந்து நிமிரும். நொடிக்குச் சில நூறு முறை இது நடக்கும்போது நம் காதில் ஒரே இழுப்பாக விழுகிறது. ஆணின் வயிறு பெரும்பாலும் காலி அறை, அதுவே குடம்.

பழந்தமிழில் இதற்குச் சிள்வீடு என்று பெயர். மலையாளத்தில் இன்றும் சீவீடு. அந்தப் பெயரிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறிய பச்சைச் சில்வண்டுக்கு 2023இல் அறிவியல் பெயர் வைத்தார்கள்: புரானா சீவீடா. புதிதாக வந்த பூச்சி அல்ல அது. 1850இல் மலேசியாவிலிருந்து விவரிக்கப்பட்ட புரானா டைக்ரினாதான் இங்கும் இருக்கிறது என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்ததும் இது தனி இனம் என்று தெரிந்தது. கோவாவிலிருந்து கன்னியாகுமரி வரையிலான பசுமைமாறாக் காடுகளில் இது பரவியிருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. ஆகவே 1906இல் வெளியான ஆங்கிலேயர் காலத்து விலங்கினத் தொகுதியையோ பழைய பட்டியலையோ வைத்துக்கொண்டு ‘டைக்ரினா’ என்று எழுதிவிடாதீர்கள். இன்றைக்கும் பழைய படங்களுக்கடியில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

2016இல் வெளிவந்த தெற்காசியச் சில்வண்டுப் பட்டியலில் இந்தியாவுக்கு 189 இனங்கள், இலங்கைக்கு 22. பூச்சி எங்கே இருக்கிறது என்பதைவிட, எங்கே யாராவது தேடினார்கள் என்பதையே பட்டியல் அதிகம் காட்டுகிறது. தமிழகப் பக்கச் சரிவுகளில் ஒழுங்காக எடுத்த ஒரு பதிவுக்கு நிஜமான மதிப்பு உண்டு. ஒழுங்காக என்பதில்தான் சிக்கல்.

பெரும்பாலானோர் குரலில் தொடங்குவார்கள். நாங்கள் சொல்வது, சட்டையில் தொடங்குங்கள்: பூச்சி உரித்துவிட்டுப் போகும் வெறுந்தோலில்.

ஏன் சட்டை

சில்வண்டின் வாழ்நாளில் பெரும்பகுதி மண்ணுக்குள். கிளையில் இட்ட முட்டை பொரிந்து, எறும்பளவு இளம்பூச்சி கீழே விழுந்து மண்ணில் புகும். வேரைத் துளைத்து, கீழிருந்து மேலேறும் நீர்ச்சாற்றை உறிஞ்சி வாழும். அந்தச் சாற்றில் சத்து மிகக் குறைவு. வளர ஆண்டுக்கணக்கில் ஆவதற்கு அதுவே காரணம். நான்கு முறை மண்ணுக்குள் சட்டை உரித்து, ஐந்தாம் பருவ இளம்பூச்சியாக வெளியே வந்து, அருகிலிருக்கும் தண்டைப் பற்றி ஏறி, கடைசிச் சட்டையை அங்கேயே விட்டுவிட்டுச் சிறகோடு பறக்கும். பறக்கும் வாழ்வு சில வாரங்கள்தான்.

மரத்தில் பாடும் ஆண் எங்கிருந்தோ வந்த விருந்தாளியாக இருக்கலாம். சட்டை அப்படியல்ல. நடக்க மட்டுமே தெரிந்த பூச்சி விட்டுப்போனது அது; துளையிலிருந்து ஒருசில மீட்டருக்குள் இருக்கும். ‘இந்த மண் இதைப் பெற்று வளர்த்தது’ என்பதற்கு அதைவிட உறுதியான சான்று கிடையாது. வாழிடம் என்று நாம் கோடு போடவேண்டியது அந்த மண்ணைச் சுற்றித்தான்.

எப்போது, எங்கே

மாசி, பங்குனியில் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை கனத்து இறங்கும் வரை முதல் சுற்று. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் கிழக்குச் சரிவுகளில் மழை ஓய்ந்த பின்னும் ஒருமுறை பாருங்கள். கோடைமழை ஒன்று நன்றாக நனைத்துவிட்டுப் போன மறுநாள் காலையும் அதற்கடுத்த நாளும் நல்ல வாய்ப்பு. மண் இளகினால் இளம்பூச்சிக்கு வெளியேறுவது சுலபம்.

இடத்தைப் பொறுத்தவரை, தேயிலை, காபி, ஏலத் தோட்டங்களுக்கு இடையே விடுபட்டுக் கிடக்கும் சோலைத்துண்டுகள், ஓடையோர மரவரிசை, கோயில்காடு, பழைய நிழல்மரங்கள் நிற்கும் காபித் தோட்டம். வால்பாறை மேட்டுநிலத்தில் இப்படிப்பட்ட துண்டுக்காடுகள் நிறைய. உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்பதும் ஒரு வசதி.

காப்புக்காட்டுக்கு அந்த வசதி இல்லை. அனுமதியின்றி நுழைவதே குற்றம். புலிகள் காப்பகம், சரணாலயம் என்றால் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம்; அங்கே காய்ந்த சட்டை ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போடுவதற்கும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ‘வெறும் கூடுதானே’ என்ற வாதம் சோதனைச்சாவடியில் எடுபடாது. மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வாளருக்குத் தபாலில் அனுப்பும் யோசனை இருந்தால், 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். படமும் ஒலியும் அனுப்பினால் அந்தத் தலைவலி இல்லை.

அந்தி நேரத்தில் யானை நடமாட்டம் உள்ள பாதைகளில் தனியே போகவேண்டாம். சில்வண்டுக் கூச்சலுக்கு நடுவே யானை வரும் சத்தம் கேட்காது. அட்டைக்கு நீளமான காலுறை போதும்.

சட்டை தேடும் முறை

தேவைப்படுபவை: தலைவிளக்கு, தையல் நாடா, வெர்னியர் அளவுகோல், பழைய தீப்பெட்டிகள் அல்லது சிறு அட்டைப்பெட்டிகள், பென்சில், தடித்த காகிதத் துண்டுகள், மரத்தைக் குறிக்கத் துணி நாடா. பேனா வேண்டாம், மை மழையில் கரையும்.

20 மரங்களைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் பெரிய மரமாக இருக்கவேண்டாம். ஐந்து பெரியவை, ஐந்து நடுத்தரம், மீதி புதர், இளங்கன்று, வேலிக்கல் என்று கலந்து எடுங்கள். சின்ன இனங்களின் இளம்பூச்சி பெருமரத்தைத் தேடி நடக்காது. முதலில் காலில் தட்டுப்படும் எதிலும் ஏறிவிடும். பெரணி இலையின் அடிப்பக்கம், ஏலச்செடித் தண்டு, தோட்டச் சுவர் எல்லாவற்றிலும் இருக்கும். அடிமரத்தை மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத் தவறவிடுவது இதனால்தான்.

ஒவ்வொரு மரத்துக்கும் 5 நிமிடம். தரையிலிருந்து 2 மீட்டர் உயரம் வரை, தண்டைச் சுற்றி 1 மீட்டர் வட்டத்துக்குள். விளக்கை நேராக அடிக்காமல் மரத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடியுங்கள். சட்டை ஒளி ஊடுருவும் தேன்நிறம். நேர்வெளிச்சத்தில் மரப்பட்டையோடு கலந்துவிடும், பக்கவெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும்.

முதல்நாள் கிடைப்பதை எல்லாம் எடுத்துவிடுங்கள். அது பல வாரத்துச் சேர்மானம்; எண்ணிக்கைக்குப் பயன்படாது. உண்மையான கணக்கு அடுத்த வருகையிலிருந்துதான். 3 அல்லது 4 நாளுக்கொருமுறை, அதே மரங்கள், நான்கு வாரம். இடைவெளியைப் பத்து நாளாக நீட்டினால் கணக்கு சரியும்: கனமழை அடித்துப்போகும், எறும்பு இழுத்துப்போகும். பூச்சி குறைந்துவிட்டது என்று தவறாகப் புரிந்துகொள்வீர்கள்.

எடுக்கும்போது முதுகைப் பிடித்து இழுக்காதீர்கள். முன்னங்கால்கள் பட்டையில் கொக்கிபோல் மாட்டியிருக்கும், இழுத்தால் கால் அங்கேயே நின்றுவிடும். அடையாளம் காண முன்னங்கால் முக்கியம். சட்டையைச் சற்று மேல்நோக்கித் தள்ளி, பிறகு விலக்கினால் கொக்கி கழலும்.

இதுதான் சில்வண்டுச் சட்டையா என்று பார்க்க மூன்று சோதனை. முன்னங்கால் தடித்து, நண்டின் கொடுக்குபோல் பற்களோடு இருக்கவேண்டும். முதுகில் நேர்க்கோட்டில் பிளவு இருக்கவேண்டும். பிளவுக்குள் வெள்ளை நூல்போல் தொங்குபவை மூச்சுக்குழாய்களின் உட்தோல். பூச்சி மூச்சுக்குழாயின் தோலையும் சேர்த்தே உரிக்கிறது. ஓடையோரக் கல்லில் மெலிந்த காலோடு கிடைப்பது தும்பியின் சட்டை. அதற்கும் முதுகுப் பிளவும் வெள்ளை நூலும் உண்டு, மண் தோண்டும் கால் இருக்காது.

ஆண், பெண் பிரிப்பதற்குச் சட்டையின் வால்பக்க அடிவயிற்றைப் பாருங்கள். முட்டையிடும் ஊசி உருவாகும் இடத்தில் பெண்ணுக்கு நீளவாக்கில் ஒரு கோடும் அதன் இருபுறமும் மேடும் தெரியும். ஆணுக்கு அந்தக் கோடு இராது. 10 மடங்கு கைலென்ஸ் போதும்.

உடல்நீளத்தை மட்டும் அளந்து எழுதுபவர்கள் அதிகம். சட்டை காயும்போது வளையும், சுருங்கும். ஒரே பூச்சி இரண்டு நாளில் இரண்டு நீளம் காட்டும். கண்ணுக்குக் கண் தலை அகலம் மாறாது. அதை 0.1 மி.மீ. துல்லியத்தில் அளந்து, நீளத்தைத் துணைக்கு வையுங்கள்.

சேமிப்பில்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. ஈரச் சட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டால் மூன்றே நாளில் பூஞ்சை. நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, அட்டைப்பெட்டியில் ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மழைக்காலத்தில் ஜெல்லை மாதம் ஒருமுறை வாணலியில் மெல்லிய சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். பெட்டிக்குள்ளேயே சீட்டு: தேதி, நேரம், இடம், எந்த மரம், தரையிலிருந்து உயரம், எண்ணிக்கை, எடுத்தவர். சீட்டு மூடியில் ஒட்டப்பட்டிருந்தால் மூடிகள் மாறும் நாளில் எல்லாம் போச்சு.

துளை

சட்டை கிடைத்த இடத்தைச் சுற்றி இலைச்சருகைக் கையால் மெல்ல விலக்கிப் பாருங்கள். சில்வண்டுத் துளை வட்டமாக, விளிம்பு வழவழப்பாக, பக்கத்தில் மண்குவியல் இல்லாமல் இருக்கும். இளம்பூச்சி தன் கழிவுநீரால் மண்ணைக் குழைத்துச் சுவரில் பூசிக்கொண்டே வருவதால் வெளியே தள்ளும் மண் மிச்சமில்லை. வாயில் பட்டுநூல் இருந்தால் சிலந்தி. பக்கத்தில் மண்ணுருண்டைகள் இருந்தால் நண்டோ சாணவண்டோ. சின்ன இனமா என்பதற்குப் பென்சில் ஒரு கைகண்ட கருவி: பென்சில் நுழைந்து, சுண்டுவிரல் நுழையாவிட்டால் சின்னது. ஈரம் தங்கும் மண்ணில் துளைக்குமேல் சில செ.மீ. உயரத்தில் மண்கோபுரம் கட்டுவதும் உண்டு. உடைத்துப் பார்க்கவேண்டாம், உள்ளே ஆள் காத்திருக்கலாம்.

துளையை எண்ணியதும் விலக்கிய சருகைத் திரும்பப் பரப்பிவிடுங்கள்.

சட்டைக்கு உடையவரைப் பார்ப்பது

சட்டையை மட்டும் வைத்து இனத்தைச் சொல்லமுடியாது. சட்டையையும் அதிலிருந்து வந்த பூச்சியையும் சேர்த்து ஒருமுறையாவது பார்த்தாகவேண்டும். அதற்கு அந்தியில் காத்திருக்கவேண்டும்.

சட்டை அதிகம் கிடைத்த இரண்டு மரத்தைத் தேர்ந்தெடுத்து, பொழுது சாயும்போதிலிருந்து இரவு 10 வரை 15 நிமிடத்துக்கொருமுறை சுற்றி வாருங்கள். தலைவிளக்கில் சிவப்பு வெளிச்சம். ஏறிக்கொண்டிருக்கும் இளம்பூச்சியைக் கண்டால் தொடாமல் நில்லுங்கள். தொட்டால் பிடியை விட்டு விழும். விழுந்துவிட்டால் கையில் வைத்து வேடிக்கை பார்க்காமல், சொரசொரப்பான குச்சியை அதன்முன் செங்குத்தாக நீட்டுங்கள், தானே ஏறிக்கொள்ளும்.

முதுகு பிளந்ததும் பூச்சி பின்னோக்கிச் சாய்ந்து தலைகீழாகத் தொங்கும். கால் இறுகும்வரை அப்படியே கிடக்கும். பிறகு எழுந்து சட்டையைப் பற்றி வால்நுனியை உருவிக்கொண்டு வெளிவரும். அடுத்தது சிறகு விரிவது. கசங்கிய துணிபோல் இருப்பது உடல்நீரின் அழுத்தத்தில் நீளும். சிறகு கீழ்நோக்கித் தொங்க இடம் வேண்டும். அந்த ஒரு மணிநேரத்தில் கிளையை ஆட்டினாலோ பூச்சி தரையில் விழுந்தாலோ சிறகு கசங்கியபடியே இறுகிவிடும், ஆயுளுக்கும் பறக்காது. ஆதலால் கிளையை வளைத்துப் படமெடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

புதுப்பூச்சி வெளிறிய பச்சையாக, கண்ணாடிபோல் இருக்கும். அந்த நிறத்தை வைத்து இனம் சொல்லாதீர்கள். பல இனங்கள் அந்த நேரத்தில் வெளிறித்தான் இருக்கும். நிறம் தேற விடியும். விடியற்காலை 5:30க்குத் திரும்பி வந்து, பறக்குமுன் படமெடுங்கள்.

நான்கு படம், அதில் ஒன்று வயிறு

முதுகுப்படம் மட்டும் எடுத்துப் பதிவேற்றுவதுதான் பொதுவழக்கம். புரானாப் பேரினத்துக்கு அது போதாது. இவற்றின் முதுகு ஒன்றையொன்று பார்த்து வரைந்ததுபோல் இருக்கும். எடுக்கவேண்டியவை: முதுகு முழுதும்; நரம்புகள் தெளிவாகத் தெரிய முன்சிறகு பக்கவாட்டில்; முகம்; அடிவயிறு.

வயிற்றுப்படம் ஏன் என்றால், புரானா ஆணின் அடிவயிற்றில் மூன்றாம், நான்காம் கண்டங்களில் பக்கத்துக்கொன்றாக இரண்டு இணை சிறு முண்டுகள் இருக்கும். பேரினத்துக்கு அவை நல்ல சான்று. முண்டுகளுக்கு முன்புறம், செவிச்சவ்வுள்ள குழிகளை மூடியிருக்கும் இரண்டு தட்டுகளின் நீளமும் வடிவமும் இனத்துக்கு இனம் மாறும். முன்சிறகில் நுனிப்பக்கக் குறுக்கு நரம்புகள்மேல் கறுத்த புள்ளிகள் இருக்கின்றனவா, எத்தனை என்பதும் வேண்டும். பெண்ணுக்கு முண்டும் பெருந்தட்டும் கிடையாது. பெண்ணை மட்டும் வைத்து இனம் சொல்லத் துணியாதீர்கள்.

பிடிக்க நேர்ந்தால் நான்கு சிறகையும் சேர்த்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையில் பிடியுங்கள். ஆண் அலறும், அது வழக்கம். தெளிந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அடியிலிருந்து வயிற்றைப் படமெடுத்து, 5 நிமிடத்துக்குள் அதே மரத்தில் விடுங்கள். குழாயை வெயிலில் வைத்தால் பூச்சி வெந்துபோகும். தோட்ட பங்களாக்களின் வராந்தா விளக்கடியில் காலையில் செத்துக்கிடப்பவையும் படத்துக்கு உதவும். எங்கிருந்து பறந்து வந்ததென்று தெரியாததால் ‘விளக்கில் வந்தது’ என்று கட்டாயம் எழுதவேண்டும்.

குரல்

இனி குரலுக்கு வரலாம். பாட்டு இனத்துக்கே உரியது. பெண் தன் இனத்து ஆணை அதைக்கொண்டுதான் கண்டுகொள்கிறது. நல்ல ஒலிப்பதிவு வயிற்றுப்படத்துக்கு ஈடான சான்று. ஆனால் செல்போனில் எடுப்பதில் பத்துக்கு எட்டு குப்பை. காரணம் பூச்சியல்ல, அமைப்பு.

செல்போனில் உள்ள சாதாரண ‘வாய்ஸ் ரெக்கார்டர்’ மனிதப் பேச்சுக்காகச் செய்தது. ஏஎம்ஆர் வடிவத்தில் நொடிக்கு 8,000 மாதிரி எடுத்தால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் பதியாது. சின்னச் சில்வண்டுகளின் குரலில் முக்கியமான பகுதி அதற்கு மேலேதான். வாட்ஸப் குரல்செய்தியும் உச்சத்தை வெட்டிவிடும். போதாததற்கு, இரைச்சல் குறைக்கும் வசதி என்று ஒன்று தானாக இயங்கும். இடைவிடாத ரீங்காரத்தை அது மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி அழித்துவிடும். காட்டில் காதைப் பிளந்த பாட்டு வீட்டில் கேட்கும்போது காணாமல்போவது இப்படித்தான்.

வேவ் வடிவில் பதியும் செயலியை நிறுவி, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்று வையுங்கள். இரைச்சல் குறைப்பு, தானியங்கி ஒலியளவு இரண்டையும் அணையுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.8 மெகாபைட் ஆகும். ஒலிமானி −12 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். முள் உச்சியில் முட்டினால் அலை தட்டையாகி, இல்லாத மேல்சுரங்கள் தோன்றும், இனம்காண்பவர் ஏமாந்துபோவார். அளவைக் குறைக்க வழியில்லாத போன் என்றால் 4, 5 மீட்டர் பின்வாங்குங்கள். மைக்கின்மேல் பஞ்சு.

குறைந்தது 2 நிமிடம், பேசாமல். இறுதியில் தேதி, நேரம், இடம், வெயிலா மேகமா, பூச்சி எத்தனை அடி உயரத்தில் என்று சொல்லி முடியுங்கள். முன்னால் சொன்னால், நீங்கள் பேசி முடிப்பதற்குள் அது நிறுத்தியிருக்கும். கோப்பை அனுப்பும்போது வாட்ஸப்பில் ஆடியோவாக அல்ல, ஆவணமாக இணையுங்கள்.

வீட்டில் ஆடாசிட்டி, ரேவன் லைட் போன்ற இலவச மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது கிடையாக நேரமும் செங்குத்தாக அதிர்வெண்ணும் காட்டும் ஒலிப்படமாகத் திறந்து, செங்குத்து அளவை 20 கிலோஹெர்ட்ஸ் வரை நீட்டுங்கள். சுவர்க்கோழி என்றால் மெல்லிய ஒற்றைக்கோடு துண்டு துண்டாக வரும். சில்வண்டு பெரும்பாலும் பட்டை பட்டையாக, பல கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் நிற்கும். பாட்டு எத்தனை நொடி, எப்படித் தொடங்குகிறது, துடிப்புகளின் இடைவெளி என்ன என்பவை மொத்தச் சத்தத்தைவிட முக்கியம்.

பாடும் பூச்சியைக் கண்ணால் காண இருவர் வேண்டும். 10 மீட்டர் தள்ளி நின்று, இருவரும் காதுக்குப் பின்னால் கை குவித்துத் தலையைத் திருப்பி, உச்சமாகக் கேட்கும் திசையைச் சுட்டுங்கள். இரண்டு கோடும் சேருமிடம் மரம். பாடும்போது நடந்து, நிறுத்தும்போது நில்லுங்கள். பூச்சி நம்மைப் பார்த்ததும் தண்டின் மறுபக்கம் நகர்ந்துவிடும். ஒருவர் அசையாமல் நிற்க, மற்றவர் மறுபக்கம் மெல்லச் சுற்றினால், நிற்பவர் கண்ணுக்குத் தானே வந்து சேரும்.

ஒரு விஷயம், கொஞ்சம் கூச்சத்தோடு சொல்லவேண்டியது. வயதாக ஆக உச்சக்குரல் காதில் விழாது. இங்கிலாந்தின் ஒரே சொந்தச் சில்வண்டு நியூ ஃபாரஸ்ட் காட்டில் 14 கிலோஹெர்ட்ஸ் அளவில் பாடியது. நடுவயது தாண்டிய பலருக்கு அது கேட்கவே கேட்காது. 1990களுக்குப் பிறகு அங்கே அதை உறுதியாகக் கண்டவர் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் குழுவில் ஒரு பள்ளிப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

எண்ண முடியாததை எண்ணுவது

கூட்டுப்பாட்டில் தலையை எண்ண முடியாது. 200 மீட்டர் இடைவெளியில் நிலையான புள்ளிகள் ஐந்து வைத்து, ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் நின்று, 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுங்கள். 0 என்றால் சத்தமே இல்லை. 1, தனித்தனியாக எண்ணலாம். 2, ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது, ஆனாலும் பிரித்தறியலாம். 3, இடைவெளியற்ற ஒரே கூச்சல். காலை 6:30, முற்பகல் 10, மாலை 5:45 என மூன்று நேரம். மேகம் மூடினாலே பல இனங்கள் வாயடைத்துவிடும், காற்றும் தூறலும் கெடுக்கும். அப்படிப்பட்ட நாளில் விழும் 0, வெயில்நாள் 0 ஆகாது. வானிலையை எழுதாத 0 எதற்கும் உதவாது. எழுதிய 0 பொன்.

இருப்பிடத்தைப் போன் காட்டும் எண்ணில் ஐந்து தசம இடம்வரை குறியுங்கள். அடர்ந்த மரத்தடியில் அது 10, 20 மீட்டர் பிசகும். ‘ஓடைப்பாலத்திலிருந்து கிழக்கே மூன்றாவது பலா’ என்று கூடவே ஒரு வரி இருக்கட்டும். உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் ஒலியையும் ஏற்கும். இந்தியச் சில்வண்டுகளுக்கென்றே தனித்தளமும் இருக்கிறது. இனம் உறுதியில்லை என்றால் ‘புரானா’ என்றதோடு நிறுத்துங்கள்.

அந்த மண்ணை என்ன செய்வது

சட்டை கிடைத்த மரங்களை வரைபடத்தில் வட்டமிட்டால், வாழிடம் நினைத்ததைவிடச் சிறியதாகத் தெரியும். ஒரு ஏக்கர் சோலையில் ஓடையோரம் நான்கைந்து மரத்தடி மட்டும் என்றுகூட இருக்கும். காக்கவேண்டியது முதலில் அதைத்தான்.

அந்த மரங்களின் கிளைநிழல் விழும் வட்டத்துக்குள் மண்ணைக் கொத்தாதீர்கள். ஆண்டுகள் கழித்து வெளிவரவேண்டிய பல வயதுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் அங்கே இருக்கின்றன. ஒரு முறை கிளறினால் பல ஆண்டுப் பிறப்பு ஒன்றாகப் போகும். சருகைக் கூட்டி எரிக்கவேண்டாம். சருகு போனால் மேல்மண் வெயிலில் இறுகி, பொரிந்து விழும் குஞ்சு உள்ளே புக முடியாமல் எறும்புக்கு இரையாகும். வண்டி நிறுத்துவது, சிமெண்டு மேடை கட்டுவது இரண்டும் அதே கேடு.

பூச்சிமருந்தில் கவனிக்கவேண்டியது வேரில் ஊற்றுபவை. இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவும் மருந்தை வேர் உறிஞ்சி நீர்ச்சாற்றோடு மேலே அனுப்பும். சில்வண்டு குடிப்பது அதே சாற்றைத்தான். இலைச்சாற்றை உறிஞ்சும் பூச்சிக்கு வைத்தது, வேரில் இருக்கும் அப்பாவிக்கும் போய்ச்சேரும். கறையானுக்காக மரத்தடியில் ஊற்றும் குளோர்பைரிபாஸ் அங்கே மண்ணில் இருப்பதையெல்லாம் கொல்லும்.

கவாத்தைத் தடுக்க முடியாது, காபித் தோட்டத்தில் நிழலைச் சீராக்கியே தீரவேண்டும். செய்யுங்கள். ஆனால் வெட்டிய குச்சிகளை அந்த மரத்தடியிலேயே மூன்று, நான்கு மாதம் கிடத்துங்கள். பெண் பூச்சி குச்சியில் வரிசையாகக் கீறி முட்டை வைத்திருக்கும். கீறல் வரிசை கண்ணுக்கே தெரியும். பொரிக்கும் குஞ்சு அங்கேயே மண்ணில் இறங்கிவிடும். விறகுக்கு அள்ளிப்போனாலோ குவித்து எரித்தாலோ ஒரு தலைமுறை போயிற்று.

புதிதாக நடுவதானால் சில்வர் ஓக்கையே வரிசைகட்டாமல், நாங்கு, அயனி, பலா, செண்பகம், நாவல், கருங்குங்கிலியம் என்று அந்தச் சரிவுக்குரிய மரங்களைக் கலந்து 3, 4 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். சட்டை கிடைத்த மரத்திலிருந்து தொடங்கி, ஒட்டினாற்போல் வெளிநோக்கி. தள்ளிப்போய்த் தனித்தோப்பு போட்டால் நடுவில் வெட்டவெளி நிற்கும். மூடாக்கு 10 செ.மீ. கனம், தண்டிலிருந்து ஒரு சாண் விலகி; தண்டை மூடினால் கழுத்தழுகல் வரும். இளம்பூச்சியைத் தோண்டி எடுத்துப் புதுத்தோப்பில் விடும் யோசனை சிலருக்கு வரும். வேரிலிருந்து பிடுங்கிய பிறகு அது மறுபடி வேரைக் கண்டுபிடித்துப் பிழைப்பது அரிது. தோண்டிய இடமும் பாழ்.

இரவில் மரத்தடி விளக்குகளை அணைக்கமுடிந்தால் அணையுங்கள், முடியாவிட்டால் மஞ்சள்நிறக் குறைவெளிச்சத்துக்கு மாற்றி, தரையை நோக்கித் திருப்புங்கள்.

இதற்குப் பிறகு கணக்கெடுப்பு. அடுத்த ஆண்டு அதே வாரங்கள், அதே 20 மரம், அதே 5 நிமிடம். இந்த ஆண்டு செய்த நல்லதோ கெட்டதோ அடுத்த ஆண்டின் சட்டையில் தெரியாது. இப்போது ஏறி வருபவை சில ஆண்டுகளுக்கு முன்னமே மண்ணில் இறங்கியவை. முதலாண்டு எண்ணிக்கை கூடினால் நம் வேலை பலித்தது என்று துள்ளவேண்டாம், குறைந்தால் கைவிடவும் வேண்டாம். ஐந்தாறு ஆண்டுச் சீட்டுகள் சேர்ந்த பிறகு பெட்டியைத் திறந்து பாருங்கள். மரங்களுக்குக் கட்டிய துணி நாடா அதற்குள் மக்கிவிடும் என்பதால், முதலாண்டே அலுமினியத் தகட்டில் எண்ணைக் கீறி, மரம் பருக்க இடம்விட்டுத் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.